வெக்கை எங்கே போகிறது?

துபாய் க்ரீக்கின் பர்துபாய்க் கரையில் அல் ஃபாஹிதி என்றொரு பழைய குடியிருப்பு இருக்கிறது. முன்பு அதற்கு பஸ்தகியா என்று பெயர். தென் ஈரானின் பஸ்தக் பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்து குடியேறிய வணிகர்கள் கட்டிய வீடுகள் அவை. 1980களில் அந்தக் குடியிருப்பின் ஏறத்தாழப் பாதி இடிக்கப்பட்டது. மிச்சமும் போகவிருந்த நேரத்தில், அங்கே ஒரு வீட்டைச் சீரமைத்து வாழ்ந்துவந்த ரெய்னர் ஓட்டர் என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் எதிர்ப்புத் தெரிவித்து, இளவரசர் சார்லஸுக்குக் கடிதம் எழுதினார். 1989இல் துபாய் வந்த சார்லஸ் அந்தச் சந்துகளில் நடந்து பார்த்து, இது காப்பாற்றப்பட வேண்டியது என்றார். இடிப்பு நின்றது. இன்று அந்த வீடுகள் அலுவலகங்களாகவும் ஓவியக் கூடங்களாகவும் விடுதிகளாகவும் இருக்கின்றன. ஊரிலிருந்து வரும் உறவினர்களை நாம் எல்லோரும் ஒருமுறையாவது அங்கே கூட்டிப்போய், காற்றுக் கோபுரத்தின் கீழே நிறுத்திப் படம் எடுத்திருக்கிறோம்.

கோபுரங்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் பழைய நகரங்களில் மிஞ்சியிருக்கும் இப்படிப்பட்ட கோபுரங்கள் பலவும் இப்போது மூச்சு விடுவதில்லை. கீழ் வாயைப் பலகையாலோ கண்ணாடியாலோ அடைத்துவிட்டு, பக்கத்துச் சுவரில் ஏசியை மாட்டியிருப்பார்கள். இதைச் சொல்வது பழைமையை நினைத்துப் பெருமூச்சு விடுவதற்காக அல்ல. ஒரு அறை குளிர்ந்திருக்கிறது என்றால், அந்த அறையில் இருந்த வெக்கை எங்கே போயிற்று என்பதைக் கொஞ்சம் பின்தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அது கட்டடத் தொழில் சார்ந்த கேள்வி மட்டுமல்ல. நம்முடைய சுகத்துக்கும் அடுத்தவர் உடம்புக்கும் என்ன உறவு என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

முதலில் கோபுரம். அரபியில் பர்ஜீல், பாரசீகத்தில் பாத்கீர். பாத்கீர் என்றால் காற்றைப் பிடிப்பது. கூரைக்கு மேலே எழும் சதுரக் கூண்டு, நான்கு பக்கமும் திறப்பு. உள்ளே மூலைக்கு மூலை குறுக்காகப் போகும் இரண்டு சுவர்கள் அதை நான்கு குழாய்களாகப் பிரிக்கின்றன. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அந்தப் பக்கத்துக் குழாய் அதை வாங்கி அறைக்குள் இறக்கும். எதிர்ப்பக்கத்தில் காற்றழுத்தம் குறைவதால், அறையின் சூடான காற்று அந்த வழியாக மேலேறிப் போகும். கோபுரத்தின் கீழ் வாய் தரைவரை வராது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். கீழே விரிப்பில் உட்கார்ந்திருப்பவர்மேல் காற்று நேராக விழும். குளிர்காலத்தில் பலகை போட்டு மூடிக்கொள்வார்கள். கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக்கல்லை அடுக்கி ஜிப்சம் பூசிய கனத்த சுவர்கள், நடுவில் முற்றம், வெளியே நிழல் விழுவதற்காகவே குறுகலாக விடப்பட்ட சந்துகள். அந்தச் சந்துக்கு இங்கே சிக்கா என்று பெயர். ஆன் கோல்ஸ், பீட்டர் ஜாக்சன் இருவரும் 1970களில் இந்த வீடுகளை அளந்து பதிவுசெய்து எழுதியிருக்கிறார்கள். ஓலைக் குடிசைகளிலும் மரச்சட்டத்தில் சாக்குத் துணி கட்டிக் காற்றுக் கோபுரம் வைத்திருந்தார்கள் என்பது அத்தகைய பதிவுகளால்தான் நமக்குத் தெரிகிறது.

இதற்கு நிகரான சொல் தமிழில் எப்போதோ இருந்தது. காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் வரும் சொல். ஆங்கிலத்தின் விண்டோவும் காற்றின் கண் என்ற பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்ததுதான். நாம் காலதரை விட்டுவிட்டு, போர்த்துகீசியர் கொண்டுவந்த ஜன்னலை வைத்துக்கொண்டோம். பரவாயில்லை, சொற்கள் அப்படித்தான் வரும், போகும். ஆனால் ஷேக் ஸாயித் சாலையின் இரண்டு பக்கமும் நிற்கும் கோபுரங்களில் நான் வேலை பார்த்த தளங்களின் ஜன்னல்களில் பெரும்பாலானவற்றுக்குத் திறப்பே கிடையாது. அவை வெளியே பார்ப்பதற்கு மட்டுமே. காற்றுக்கு வழி என்ற பொருள் சொல்லிலிருந்து போன பிறகு, பொருளிலிருந்தும் போய்விட்டது.

*

நான் கட்டடக்காரன் அல்ல, மென்பொருள் ஆலோசகன். இங்கிலாந்தில் முதுகலை முடித்துவிட்டு நேராக வளைகுடாவுக்கு வந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் பர்துபாயில், பாதுகாக்கப்பட்ட குடியிருப்புக்கு வெளியே, பழைய வணிகர் வீடொன்றை அலுவலகமாக மாற்றியிருந்த ஒரு சிறு நிறுவனத்துக்கு வேலை செய்தேன். பெயர் வேண்டாம். முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டிருந்தார்கள். கோபுரத்தின் வாயை ஒட்டுப்பலகையால் அடைத்திருந்தார்கள். ஆறு ஸ்பிளிட் ஏசிகள். அவற்றின் வெளிப்பெட்டிகள் ஆறும் பின்பக்கச் சந்தில், ஆள் உயரத்தில், வரிசையாக.

அந்தச் சந்தில்தான் காவலாளியின் நாற்காலி. இராமநாதபுரம் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முதல் வாரம் முழுக்க என்னை ‘சார்’ என்று கூப்பிட்டார். ஊர் தெரிந்த பிறகு ‘தம்பி’ ஆயிற்று. ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள், “அண்ணே, ஏன் இங்கயே உக்காந்திருக்கீங்க, முன்வாசல் பக்கம் போகலாமே” என்றேன். “பின்கதவு வழியாத்தான தம்பி சாமான் வருது. என் டூட்டி இங்க. உள்ள இருக்கவுங்களுக்குக் குளுரு, எனக்கு அனலு. ரெண்டும் ஒரே மெசின்லேர்ந்துதான் வருது” என்றார். புகாராகச் சொல்லவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் சொன்னது பள்ளிக்கூட இயற்பியல். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே வைக்கிறது. உள்ளிருந்து மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்ற ஏறத்தாழ ஒரு பங்கு மின்சாரம் செலவாகும். அந்த மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். ஆகவே வெளியே நான்கு பங்கு வந்து விழும். உள்ளே இருப்பவர்கள் பெறுவதைவிட வெளியே இருப்பவர் வாங்குவது அதிகம். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தைப் பற்றி 2014இல் வெளியான ஓர் ஆய்வு, ஏசிகள் வெளியேற்றும் வெப்பத்தால் மட்டுமே நகரின் சில பகுதிகளில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் கூடுவதாகக் கணக்கிட்டது. நிழலுக்காகவும் காற்றுக்காகவும் குறுகலாக விடப்பட்ட சந்து, இங்கே வெக்கையைத் தேக்கி வைக்கும் வாய்க்காலாக ஆகியிருந்தது.

அந்த நிறுவனம் என்னிடம் கேட்டது இதைப் பற்றி அல்ல. பிற்பகலில் எல்லோருக்கும் தலைவலி, தூக்கம் வருகிறது, காரணம் என்னவென்று பார்க்கச் சொன்னார்கள். வெப்பநிலை, ஈரப்பதம், கார்பன் டை ஆக்சைடு மூன்றையும் அளக்கும் கருவிகளை அறைக்கு ஒன்றாக வைத்துப் பதிவுசெய்தோம். சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. வெப்பநிலைக் கோடு நாள் முழுக்கச் சமமாக இருக்க, கார்பன் டை ஆக்சைடு கோடு மட்டும் காலையிலிருந்து ஏறிக்கொண்டே போய், மதிய உணவு நேரத்தில் கொஞ்சம் இறங்கி, மறுபடியும் ஏறியது. அறை குளிர்ந்திருந்தது, காற்றோட்டம் மட்டும் இல்லை. ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பரில் கோபுரத்தின் பலகையை எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. நவம்பரிலிருந்து மார்ச்வரை இங்கே காற்று நன்றாகவே இருக்கும். தச்சர் வந்து பலகையை இறக்கினார். புறாக்கூடும் மணலும் வந்தன. சுத்தம் செய்த பிறகு காற்று வந்தது. தாள்கள் பறந்தன. க்ரீக்கில் போகும் அப்ராக்களின் இரைச்சலும் பாங்குச் சத்தமும் வந்தன. பிற்பகல் கோடு தட்டையாயிற்று. கணக்குப் பிரிவில், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து கோடையிலும் ஸ்வெட்டர் போட்டிருந்த ஒரு பெண் அதைக் கழற்றி நாற்காலியில் போட்டார். விற்பனைப் பிரிவில் கோட்டு போட்டவர்கள் வியர்க்கிறது என்றார்கள். மேசையில் தூசி என்றார்கள். இரண்டு தரப்பும் சொன்னது உண்மைதான்.

ஜனவரியில் வாட்ஸாப் குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. மூடிவிடலாம் என்பது பெரும்பான்மை. முறையான வாக்கெடுப்புதான், யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்தக் குழுவில் காவலாளி இல்லை. அவர் வேறொரு ஏஜென்சியின் ஆள். ஆறு வெளிப்பெட்டிகளும் அணைந்திருந்த அந்த இரண்டு மாதங்களில் சந்து எப்படி இருந்தது என்பது தெரிந்த ஒரே மனிதரிடம் கேட்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் நம் பணியாளர் அல்லவே என்று மேலாளர் மரியாதையாகவே பதில் சொன்னார். பேசிப் பேசி, நான்கு பெட்டிகளைக் கூரைக்கு ஏற்ற ஒப்புக்கொண்டார்கள். செலவு கொஞ்சம்தான். கோபுரம் மூடப்பட்டது.

*

இந்தச் சிறிய சம்பவத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரு கேள்வி. சுகமான வெப்பநிலை என்பதை யார் முடிவுசெய்கிறார்கள்?

அதற்கு ஒரு சமன்பாடு இருக்கிறது. டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட நூலில் உருவாக்கியது. காற்றின் வெப்பம், சுற்றியுள்ள சுவர்களின் வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் உடை, உடம்பு உண்டாக்கும் வெப்பம் என்ற ஆறு அளவுகளைக் கொடுத்தால், ஒரு கூட்டம் அந்த அறையைப் பற்றிச் சராசரியாக என்ன சொல்லும் என்று அது கணிக்கும். உலகெங்கும் அலுவலகக் கட்டடங்கள் இதன் வழியில்தான் வடிவமைக்கப்படுகின்றன. இந்தச் சமன்பாட்டில் எனக்குப் பிடித்த நேர்மை ஒன்று உண்டு. எல்லாம் மிகச் சரியாக அமைந்த அறையிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அதிருப்தியோடுதான் இருப்பார்கள் என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. எல்லோருக்கும் சுகமான அறை என்று ஒன்று கணக்கிலும் இல்லை.

நேர்மை குறைந்த இடம் வேறு. உடம்பு உண்டாக்கும் வெப்பத்துக்கு நெடுங்காலமாக எடுத்துக்கொள்ளப்பட்ட அளவு, நாற்பது வயதான, எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணுடையது. நெதர்லாந்து ஆய்வாளர்களான கிங்மாவும் வான் மார்க்கன் லிக்டன்பெல்ட்டும் 2015இல் வெளியிட்ட கட்டுரையில், அலுவலக வேலை செய்யும் இளம் பெண்களின் உடம்பு இந்த அளவைவிடக் குறைவாகவே வெப்பம் உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். கணக்குப் பிரிவுப் பெண்ணின் ஸ்வெட்டருக்கு அதில் விளக்கம் இருக்கிறது. அவர் கூச்ச உடம்புக்காரர் அல்ல. அந்த அறை அவரை நினைத்துக் கணக்கிடப்படவில்லை, அவ்வளவுதான்.

நாற்பதுகளில் இருக்கும், எழுபது கிலோவைச் சுற்றி ஊசலாடும் ஆண். அந்தச் சமன்பாட்டு மனிதன் கிட்டத்தட்ட நான்தான். என் வாழ்நாளில் அலுவலக ஏசியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை என்பதன் காரணம் இப்போது தெரிகிறது. யாருக்காக உலகம் அளவெடுத்துத் தைக்கப்பட்டிருக்கிறதோ, அவருக்குத் தையல் உறுத்தாது. மற்றவர்களுக்கு உறுத்தும்போது, அவர்கள் அதிகமாகப் புகார் சொல்கிறார்கள் என்று தோன்றும். சாதியைப் பற்றி, நிறத்தைப் பற்றி, பாஸ்போர்ட்டைப் பற்றி நாம் எத்தனையோ பேசியிருக்கிறோம். இதுவும் அதே இனம்தான். அளவில் சிறியது, ஆகவே பார்க்க எளிது.

இன்னொன்றையும் என் தொழிலிலிருந்து சொல்ல வேண்டும். ஏசி மனிதர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் போனதைச் சமாளிக்க வில்லிஸ் கேரியர் வடிவமைத்தது அது. தாளுக்கு வந்த சுகம் பிறகுதான் மனிதனுக்கு வந்தது. பிறகு கணினி வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் சர்வர் அறைக்குள் போக ஸ்வெட்டர் எடுத்துப் போவோம். இப்போது அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே சர்வர்களுக்குப் பரிந்துரைக்கும் காற்றின் வெப்பநிலை 18இலிருந்து 27 டிகிரிவரை. இயந்திரம் 27இல் ஒழுங்காக வேலை செய்கிறது. பக்கத்து அறையில் மனிதர்கள் 20இல் உட்கார்ந்து, கோட்டு போட்டுக்கொண்டு, 23 ஆக்கினால் முகம் சுளிக்கிறார்கள். கணினிகளின் பொறுமை கூடிக்கொண்டு போகிறது, நம் பொறுமை குறைந்துகொண்டு வருகிறது.

*

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போனால், அந்தக் காலம் பொற்காலம் என்று முடிப்பது எளிது. அது பொய்யாகிவிடும். காற்றுக் கோபுரத்தின் கீழே வணிகர் படுத்திருந்த அதே ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்கள்தான் வளைகுடாவில் முத்துக்குளிப்பின் பெரும் பருவம். நூற்றுக்கணக்கான படகுகளில் முக்குளிப்பவர்கள், முன்பணக் கடனில் கட்டுண்டவர்களும் அடிமைகளும் உட்பட, நிழலில்லாத கடலில் இருந்தார்கள். வீட்டின் குளிர்ச்சிக்கான காசு அந்த வெயிலிலிருந்துதான் வந்தது.

நம் பக்கமும் அப்படியே. ஆங்கிலேயர் காலத்து அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் கூரையிலிருந்து தொங்கிய பங்காவை இழுத்தவர் உள்ளே இருக்கமாட்டார். சுவரில் ஒரு துளை, அதன் வழியாகக் கயிறு, கயிற்றின் மறுமுனையில் தாழ்வாரத்தில் ஒரு மனிதர். உள்ளே காற்று நின்றால்தான் அவர் இருப்பது நினைவுக்கு வரும். தூங்கிவிட்டதற்காக அடிபட்டவர்கள், அந்த அடியில் செத்தே போனவர்கள் பற்றிய வழக்குகள் காலனி ஆவணங்களில் இருக்கின்றன. சுவர்த் துளைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கும் சந்தில் நாற்காலி போட்டிருக்கும் காவலாளிக்கும் நடுவில் ஒரு வித்தியாசம்தான். அவருடைய கையிலிருந்து நமக்குக் குளிர்ச்சி வந்தது. இவருடைய உடம்புக்கு நம் வெக்கை போகிறது. இயந்திரம் அவரை விடுதலை செய்தது என்பது சரி. சுவர் அப்படியே நிற்கிறது.

அதேபோல ஏசியைப் பாவம் என்று சொல்வதும் பொய்யாகிவிடும். காற்றுக் கோபுரம் காற்றைத்தான் தரும், குளிரைத் தராது. வெளியே 45 டிகிரி என்றால் உள்ளே வருவதும் அனல்தான். கடற்கரையின் ஈரப்பதத்தில் வியர்வை காயாது. அந்த நாளில் முடிந்தவர்கள் கோடையில் இங்கே இருக்கவே இல்லை. அல் ஐன், லிவா போன்ற பாலைவனச் சோலைகளுக்குப் போய்விடுவார்கள். 2015 இறுதியில் ஜெரெமி பால், எல்ஃபாத்தி எல்தாஹிர் இருவரும் வெளியிட்ட ஆய்வு, கரிம வெளியேற்றம் இப்படியே போனால் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் வளைகுடாக் கரையின் சில நகரங்களில் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொடும் நாட்கள் வரலாம் என்றது. அந்த அளவில் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான உடம்பும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அப்படிப்பட்ட ஊரில் ஏசியை ஆடம்பரம் என்று அழைக்க, குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரால்தான் முடியும். லேபர் கேம்ப்பில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஏசி பழுதான இரவைக் கழித்தவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

அமீரகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு விதி இருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணிவரை நேர் வெயிலில் யாரையும் வேலை வாங்கக்கூடாது. மீறினால் ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹம் அபராதம். நல்ல விதி. ஆனால் அந்த விதியின் கண்ணுக்கு வெப்பம் என்றால் சூரியனிலிருந்து வருவது. சுவரிலிருந்து வருவது, அடுத்தவரின் பெட்டியிலிருந்து வருவது, அதன் கண்ணில் படுவதில்லை. காவலாளி வெயிலில் இல்லை, நிழலில்தான் இருந்தார்.

*

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்கலாம். சமையலறைக் குறிப்புபோல விடை என்னிடம் இல்லை. ஆனால் யோசிக்கும் திசை ஒன்று தெரிகிறது.

ரிச்சர்ட் டி டியர், கெயில் பிரேகர் இருவரும் 1998இல், நான்கு கண்டங்களின் 160 கட்டடங்களிலிருந்து திரட்டிய ஏறத்தாழ 21,000 பதிவுகளை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். ஜன்னலைத் திறந்து மூட முடிகிற கட்டடங்களில் இருப்பவர்கள், முழுக்க மூடிய ஏசிக் கட்டடங்களில் இருப்பவர்களைவிட அதிக வெப்ப வேறுபாட்டை இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள். காரணத்தில் ஒரு பகுதி உடம்பின் பழக்கம். இன்னொரு பகுதி, தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்ற நிலை. இந்தியச் சூழலுக்கு அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் செய்த ஆய்வும் இதே வழியில்தான் போயிற்று. எனக்கு இது கட்டடங்களைப் பற்றிய முடிவாக மட்டும் தெரியவில்லை. மனிதன் வெக்கையைப் பொறுத்துக்கொள்வான், தன் வெக்கையில் தனக்கு ஒரு சொல் இருந்தால். சொல் இல்லாதபோது 22 டிகிரியும் அவமானமாக உறைக்கும்.

ஆகவே எவ்வளவு குளிர் என்ற கேள்விக்கு முன்னால், குமிழ் யார் கையில் என்ற கேள்வி வருகிறது. ஜப்பான் 2005இல் கோடைக்கால அலுவலகங்களில் ஏசியை 28 டிகிரியில் வைக்கச் சொன்னபோது கூடவே கோட்டையும் டையையும் கழற்றச் சொன்னது. குமிழைத் தொடும் முன்பே கோட்டைத் தொட்டார்கள். இந்தியாவில் 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. வேண்டுமென்றால் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் நாமே கைவைத்துக் குறைக்க வேண்டும். இரண்டும் சிறிய காரியங்கள்தான். இரண்டும், தானாக நடந்துகொண்டிருந்த ஒன்றை முடிவு எடுக்க வேண்டிய ஒன்றாக மாற்றின.

கட்டடம் கட்டுபவர்களும் இந்தத் திசையில் யோசித்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கணினிக் கட்டடத்துக்கு லாரி பேக்கர் இரட்டைச் சுவர் வைத்தார். வெளிச்சுவர் செங்கல் ஜாலியால் ஆனது. வெயிலை அந்தச் சுவர் வாங்கிக்கொள்ள, உள்ளே குளிரூட்ட வேண்டிய சுமை குறைந்தது. கணினி வேண்டாம் என்றோ ஏசி வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லை. முதலில் சுவர் செய்யக்கூடியதைச் சுவர் செய்யட்டும், மிச்சத்தை இயந்திரம் செய்யட்டும் என்பதுதான் அந்த வரிசை. அபுதாபியின் மஸ்தர் நகரில் 45 மீட்டர் உயரத்துக்கு உலோகத்தில் ஒரு காற்றுக் கோபுரத்தை எழுப்பியிருக்கிறார்கள். அது அறைக்குள் காற்றை இறக்கவில்லை. வெளி முற்றத்தில், நடந்து போகிறவர்கள்மேல் இறக்குகிறது. அது எவ்வளவு குளிர்விக்கிறது என்பது வேறு பேச்சு. காற்றைத் தெருவுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கேயே பிறந்த என் மகளுக்குத் தமிழ் நன்றாக வரும். போன ஆண்டு ஊரில், மின்சாரம் போன ஒரு பிற்பகலில் அம்மா “என்னமா புழுங்குது” என்றபோது, “புழுக்கம்னா என்னப்பா?” என்று கேட்டாள். வெக்கை என்றேன். இல்லை, வெக்கை வேறு. வெயில் வேறு, அனல் வேறு, காங்கை வேறு. புழுக்கம் என்பது காற்று நின்றுபோன வெப்பம். மனத்துக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ஏசியில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல் தேவைப்பட்டதே இல்லை. அது அவள் குறையல்ல, அவளுக்கு நாங்கள் வாங்கிக்கொடுத்த வசதி. ஆனால் அந்தச் சொல் தெரியாத ஒருத்திக்கு, சந்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன நேர்கிறது என்பதை எந்தச் சொல்லில் விளக்குவது? அடுத்தவர் துன்பத்தை உணர நமக்கு அந்தத் துன்பம் வர வேண்டும் என்பதில்லை. அதன் பெயராவது தெரிந்திருக்க வேண்டும்.

நெடுநல்வாடையில் குளிர்காலம் வந்துவிட்ட ஒரு நகரம் வருகிறது. தென்றலைக் கொண்டுவரும் சாளரங்களின் கதவுகள் தாழிடப்பட்டிருக்கின்றன. கோடையில் வீசிய வட்ட விசிறி சிலந்தி நூல் படிந்து தொங்குகிறது. வேனிலில் படுக்க ஓர் இடம், கூதிரில் படுக்க ஓர் இடம் என்று அந்த வீடுகளில் பருவத்துக்கு ஏற்ப மனிதர்கள் இடம் மாறினார்கள். பருவம் வந்தபோது மனிதர் நகர்ந்தார். இன்று நாம் நகர்வதில்லை, வெக்கையை நகர்த்துகிறோம். அதை நகர்த்தி வைக்கும் இடத்தில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். இன்று சந்தில் ஒரு காவலாளி. நாளை, கரிமம் வானில் சேரச் சேர, நம் பேரப்பிள்ளைகள்.

முழுக்கக் குற்றமற்ற குளிர்ச்சி இந்த ஊரில் யாருக்கும் கிடைக்காது. எனக்கும் வேண்டியதில்லை. ஆகஸ்ட் மாதத்தில் நான் ஏசி போட்டுத்தான் தூங்குவேன். ஆனால் நம்முடைய குளிர்ச்சி எந்தச் சுவரின் வழியாக, எந்த நாற்காலியை நோக்கி வெளியேறுகிறது என்று தெரிந்துகொள்ள முடியும். தெரிந்த பிறகு சில பெட்டிகளைக் கூரைக்கு ஏற்றலாம். சில மாதங்கள் ஜன்னலைத் திறக்கலாம். வாக்கெடுப்புக்கு முன், குழுவில் இல்லாதவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.